மூன்றாம் சுற்றில் என் வலப்பக்கம்

என் வலது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது கேட்கவில்லை, அவ்வளவுதான். போன வாரம் டாக்டர் ஒரு கருவியைப் பத்து நாள் பழகிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கேட்காத காதுக்குப் பின்னால் தோலில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பக்கத்துச் சத்தத்தை எலும்பு வழியாக நல்ல காதுக்கு அனுப்புமாம். பிடித்திருந்தால் ஆபரேஷன் செய்து எலும்பிலேயே பொருத்திவிடலாம். எனக்கு வேண்டியது நாதஸ்வரத்தைப் பழையபடி கேட்பது. அதைச் சோதிக்கத்தான் தை மாதப் பிரதோஷத்தன்று நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

தஞ்சாவூரில் மதியம் பன்னிரண்டரைக்குக் கும்பகோணம் பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் சம்பா அறுவடை. வலது ஜன்னலுக்கு வெளியே அறுவடை மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சத்தம் வந்த பக்கம் என்று நினைத்து நான் திரும்பியது இடப்பக்கம். அங்கே என் வீட்டுக்காரர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எதற்கு முறைக்கிறாய் என்று கேட்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் பேசுவதென்றால் இடப்பக்கம் வருவார். போன் பேசுவதென்றால் வலப்பக்கம் போய்விடுவார். இரண்டு வருடமாக என் வலப்பக்கம் அவருக்கு டெலிபோன் பூத்.

கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோவில் எண்பது ரூபாய் கொடுத்து, வயலுக்கு நடுவே இருக்கும் சின்ன சிவன் கோயிலுக்குப் போனோம். கருவி உறுத்தியதால் பஸ்ஸிலேயே கழற்றிப் பையில் போட்டிருந்தேன். அவர் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன நேரத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு, மேலே பூவை வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

நாலரைக்கு நந்திக்கு அபிஷேகம். பிறகு சுவாமி பிராகாரத்தை மூன்று முறை சுற்றி வருவார். முதல் சுற்றில் வேதம், இரண்டாவதில் தேவாரம், மூன்றாவதில்தான் நாதஸ்வரம். காது நன்றாக இருந்த காலத்தில், தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே சுவாமி எந்த மூலையில் திரும்புகிறார் என்று சொல்லிவிடுவேன்.

அன்றும் கண்ணை மூடினேன். நாதஸ்வரம் வந்தது, தவிலும் வந்தது. எல்லாம் இடது காதிலேயே வந்து மோதி, சந்தைக்கடைபோல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. தெற்கும் தெரியவில்லை, வடக்கும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் சுவாமி எப்போதோ என்னைக் கடந்து போயிருந்தார். அழுகை வந்தது.

மேளம் கோயிலின் பின்பக்கம் போய்ச் சத்தம் தேய்ந்தபோது ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. வலப்பக்கம் நின்று என் வீட்டுக்காரர் தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு என்னத்த கேக்குது. சும்மா தலையாட்டிக்கிட்டு நிக்கிறா. ஆபரேஷன்லாம் வேணாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். இந்த வயசுல பாட்டு கேட்டு என்ன பண்ணப் போறா?”

நான் தலையாட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

திரும்பும் பஸ்ஸில் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று அக்கறையாக விசாரித்தார்.

“நல்லா கேட்டுச்சுங்க” என்றேன். பிரசாதச் சுண்டலைப் பிரித்து எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

என்னைப்போல் ஒற்றைக் காதோடு போகிறவர்கள் நாலு மணிக்கே போய், நல்ல காது மேளத்தைப் பார்த்திருக்கும்படி இடம் பிடியுங்கள். சத்தம் எந்தத் திசை என்று கருவி சொல்லாது, அதனால் சாலையைக் கடக்கும்போது கண்ணை நம்புங்கள். கடைசி டவுன் பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். நாதஸ்வரத்துக்கு இது உதவாது, ஆனாலும் ஆபரேஷனுக்கு நாள் குறியுங்கள் என்று, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன். வலப்பக்கத்தில்.