இருபது நிமிடம் ஓடும் மெசின்

எங்கள் அம்மா உட்கார்ந்தால் அந்தப் புல்வெட்டும் மெசின் ஓடாது என்றார்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முதலில் சொன்னார். அவருடைய மச்சான் ஆமாம் என்றார். மெசினையே பார்த்திராத கடைக்காரரும் ஒருநாள் சீனியைக் கட்டிக்கொடுத்தபடி அதையே சொன்னார். எல்லாரும் சொன்னது தவறு. அது தவறு என்று கண்டுபிடித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மெசின்களைப் பழுதுபார்க்கிறேன். புதிய இடத்துக்குப் போனால் இன்றைக்கும் யாராவது என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக் கோடு போடத் தொடங்குவேன். இந்தப் பழக்கம் அந்தப் புல் மெசினில்தான் ஆரம்பித்தது.

பாடாங் செராய்ப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் ஒரு பகுதி ரப்பர் மரங்களைச் சாய்த்துக் கோல்ஃப் திடல் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கிளப்பில் அம்மாவுக்கு முதலில் கிடைத்தது, நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவர் பினாங்குக்கு வேலை மாறிப் போனபோது, ஒரு வாரம் அதற்கு ஆள் கிடைக்கவில்லை. புல் கணுக்கால் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அம்மா யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து, மெசின் நிறுத்தும் செட்டிலிருந்து குளக்கரை வரை ஓட்டிப் போய், வெட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். மண்டோருக்கு வேறு வழியில்லை, மெசினை அவளிடமே விட்டார்.

மெசின் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். கார் போல ஸ்டியரிங், வயிற்றுக்கடியில் கத்திகள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, காலில் ரப்பர் சப்பாத்து என்று அம்மா அதில் உட்கார்ந்து வரும்போது அவளுக்குப் பின்னால் ஜெராய் மலை தெரியும். எனக்கு மலை பெரிதாகத் தெரிந்ததில்லை.

அந்த வருட ஆயுத பூசைக்கு அடுத்த வாரம் மெசின் நிற்கத் தொடங்கியது. காலையில் ஒரே சாவியில் கிளம்பும். இருபது நிமிடம் போல நன்றாக ஓடும். பிறகு பசியில் இருமுகிற ஆளைப்போல இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது வந்து எதையாவது செய்தால் மறுபடி ஓடும். மறுபடி இருபது நிமிடம்.

எதையாவது செய்தவர்களின் கதையைத் தனியாகச் சொல்லவேண்டும்.

மண்டோர் பேட்டரி முனைகளைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். ஓடியது. "பாத்தியா, கை வெச்சா ஓடுது," என்றார். இருபது நிமிடத்தில் நின்றது.

என் தாய்மாமா பாடாங் செராயில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். அவர் புது ஸ்பார்க் பிளக்கோடு வந்தார்.

"அக்கா, இது ஒரு விசயமே இல்ல. பிளக்கு ரோசாக், கெட்டுப்போச்சு. மாத்துனா ரெண்டு வருசத்துக்குத் தொடவேணாம்."

மாற்றினார். ஓடியது. எங்கள் வீட்டில் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அது நின்றிருக்கும்.

கடைசியில் மண்டோர் ஓர் அறிவியல் உண்மையோடு வந்தார். இந்த மாதிரி மெசினில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். அது நிஜம்தான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் வேறு.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. நீ ஒல்லி. ஆள் உக்காந்திருக்குன்னே மெசினுக்குத் தெரியல. இது ஆம்பள உக்கார்ற மெசின் லா."

மறுநாள் அம்மா ஐந்து கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இருபது நிமிடத்தில் அரிசியோடு நின்றுபோனாள்.

இப்படியே ஒரு மாதம் தள்ளினார்கள். மழைக்காலம், புல் காத்திருக்கவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று அறிவிப்பு வந்தது. மண்டோர் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சனிக்கெழம ஒருநாள் பாப்பேன். அன்னைக்கும் நின்னுச்சுன்னா மெசின் என் மச்சானுக்கு. நீ பழையபடி களை புடுங்கப் போயிரு."

"சரிண்ணே," என்றாள் அம்மா. அன்று மாலை தைலக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் அவளோடு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

மெசின் இருக்கைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் அதன் கையேடு கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை: சிக்கல், காரணம், செய்ய வேண்டியது. உலகத்தில் இப்படியொரு பொருள் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரு கெட்டது நடந்தால் அதற்கு ஐந்து காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வா என்று நிதானமாகச் சொல்கிற ஒரு பக்கம். அதில் பெண் உட்கார்ந்ததால் என்று ஒரு காரணமும் இல்லை. நான் இரண்டு முறை தேடினேன்.

அகராதியை வைத்து அதைத் தமிழில் நோட்டில் எழுதினேன். பேட்டரி: காலையில் கிளம்புகிறது, எனவே இல்லை. பிளக்: மாமா மாற்றிவிட்டார். காற்று வடிகட்டி: கழற்றித் தட்டினேன், சுத்தம். இருக்கைச் சுவிட்ச்: அரிசியோடும் நின்றது. கடைசியில் புரியாத ஒரு வரி மிஞ்சியது. 'டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைபட்டிருத்தல்.' மூடிக்கு எதற்கு மூச்சு என்று அதை மட்டும் விட்டுவைத்தேன்.

பக்கத்துப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் போட்டேன். யார், என்ன செய்தார், எவ்வளவு நேரம் ஓடியது. மண்டோர், சுத்தியல், இருபது நிமிடம். மாமா, பிளக், இருபது நிமிடம். வியாழக்கிழமை மெசின் நின்றபோது பக்கத்தில் யாருமில்லை. அம்மா தனியாக இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தாள், மூடினாள், ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஓடியது. இருபது நிமிடம். அதை எழுதும்போது என் பேனா நின்றது. அம்மா எதுவுமே செய்யவில்லை. ஆனால் சுத்தியலுக்கும் புது பிளக்குக்கும் கிடைத்த அதே நேரம் அவளுக்கும் கிடைத்திருந்தது.

சுத்தியலை எடுப்பதற்கு முன் மண்டோர் என்ன செய்தார்? "மொதல்ல எண்ணெய் இருக்கா பாரு," என்று பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். மாமாவும் திறந்தார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் மூடியைத் திறந்துவிட்டு, பிறகு வேறெதையோ சரிசெய்து பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், செட்டில் யாரும் இல்லாதபோது எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். டேங்க் மூடியின் நட்ட நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூசையன்று வைத்த பொட்டு, சிமெண்டாக இறுகியிருந்தது. அம்மா தினமும் மெசினைக் கழுவுவாள். சாமிக்கு வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா? அதைச் சுற்றித்தான் துடைப்பாள். விரலால் தடவினேன். பொட்டுக்கு அடியில் ஊசி முனையளவு ஒரு பள்ளம் தெரிந்தது.

அந்தப் பொட்டை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். பூசையன்று நானும் அங்கே இருந்தேன். மெசினுக்குப் பொட்டு வைக்க அம்மா கை நீட்டியபோது, "பொம்பளைங்க இன்னைக்கு ஆயுதத்தத் தொடாதீங்க, தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, மண்டோர் தானே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சக்கரம், ஸ்டியரிங், கத்தி, டேங்க் எல்லாவற்றிலும் அவருடைய கட்டைவிரல். அந்த விரல் அளவுக்கே இருந்தது பொட்டு.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும், போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது என்று, கையேட்டில் மறுபடி தேடி எழுதியதை நோட்டைப் பார்த்துப் படித்தேன். அம்மா மூடியை மெதுவாகத் திருகினாள். உஸ் என்று ஒரு சத்தம், யாரோ ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்ததை உள்ளிழுத்த மாதிரி. அம்மா அதைக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். மூடியைத் திரும்ப இறுக்கினாள்.

நான் தலையிலிருந்த ஊசியை எடுத்துச் சுரண்டப் போனேன்.

"கைய எடு பாப்பா."

"இதாம்மா காரணம். இத எடுத்தா ஓடும்."

"இன்னைக்கு வேணாம். யாருகிட்டயும் சொல்லவும் வேணாம்."

அம்மா என்னை நம்பவில்லை என்று நினைத்தேன். இல்லையென்றால் பொட்டை அழிக்கப் பயப்படுகிறாள். இரண்டில் எது என்று தெரியாமல், இரண்டுக்கும் சேர்த்து அன்று மாலை அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை செட்டுக்கு முன்னால் மண்டோர், மச்சான், களை பிடுங்கும் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அம்மா சாவியை மச்சானிடம் நீட்டினாள்.

"அண்ணே, மொதல்ல இவரே ஓட்டட்டும். ஆம்பள உக்காந்தா எப்புடி ஓடுதுன்னு நாங்களும் பாக்குறோம்."

மச்சான் நல்ல கனமான ஆள். இருக்கை முனகியது. மெசின் சாவி திருப்பியதுமே கிளம்பியது. மண்டோர் பெண்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பதாவது நிமிடத்தில், சரிவின் நடுவில், மெசின் இரண்டு தடவை இருமியது. நின்றது.

பிறகு களை பிடுங்கும் அக்கா ஒருத்தி, "அவருக்கும் ஒரு மூட்ட அரிசி குடுங்கடி," என்றாள்.

எல்லாரும் சரிவுக்கு நடந்தோம். மச்சான் இறங்கி நின்றார். மண்டோர் சுத்தியலோடு வந்திருந்தார். அம்மா அவரைத் தாண்டிப் போய் எஞ்சின் மூடியைத் தூக்கினாள். டேங்க் மூடியைக் கழற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். சட்டைக் கழுத்துக்குள் கைவிட்டுத் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். அவள் முழங்கை அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு வாய் வைத்து ஊதும் சத்தம். சட்டைக் கையால் துடைத்து, மூடியைத் திருகி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அன்று மெசின் நிற்கவில்லை. மதியம் பெட்ரோல் ஊற்ற அம்மாவாக நிறுத்தியது ஒருமுறைதான். சாயங்காலம் திடல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடந்தது.

மண்டோர் செட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன செஞ்ச தங்கச்சி?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஆம்பளைங்க உக்காந்தா அதுக்கு ஆவல போல."

பெண்கள் சிரித்தார்கள். மச்சான்கூடச் சிரித்துவிட்டார். மண்டோர் சிரிக்கவில்லை. எஞ்சின் மூடியைத் தூக்கி, பொட்டு அழிந்த டேங்க் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் அதை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. அட்டவணை, துளை, உஸ் சத்தம் எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொல்ல நான் நோட்டோடு தயாராக நின்றேன். அந்தக் கட்டைவிரலை எல்லாருக்கும் காட்டவேண்டும். அம்மா என் தலையில் கை வைத்து, என்னைச் சும்மா நடத்திக்கொண்டு வந்துவிட்டாள். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் இன்றுவரை தன் பிளக்தான் காரணம் என்று நம்புகிறார்.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது. மெசினைக் கழுவி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மண்டோர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அம்மா மெசினுக்கு முன்னால் நின்றாள். தள்ளி நிற்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளங்கையை நீட்டினாள்.

மண்டோர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, எஞ்சின் இருந்த பக்கம் பார்த்தார். கிண்ணத்தை அவள் கையில் வைத்தார்.

அம்மா ஸ்டியரிங்குக்கு ஒன்று, சக்கரங்களுக்கு நான்கு, இருக்கைக்கு ஒன்று என்று நிதானமாகப் பொட்டு வைத்தாள். டேங்க் மூடியை விட்டுவிட்டாள். அவள் விரல் போன இடமெல்லாம் மண்டோரின் கண்ணும் போனது. எல்லாம் முடிந்ததும் மூச்சு விட்டார்.

அவருக்கு வயதாகிவிட்டது, மனம் இளகிவிட்டது, கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார் என்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா "ம்" என்றாள். ஒரு வருடமாக வாயைத் திறக்காமலே அவள் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது என் பட்டியல் எதிலும் இல்லை.