அணைத் தண்ணீருக்குள் நிற்கிறோம் என்றது வரைபடம்

காலை எட்டரைக்குப் பாலக்கோட்டில் பஸ் ஏறினோம். வெள்ளை போர்டு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாரண்டஹள்ளியில் இறங்கி ஆளுக்கொரு டீ, ஒரு வடை. செலவு நாற்பது ரூபாய். கூட வந்தவள் பக்கத்து வீட்டு ஜெயந்தி. பாறைக் குன்றில் ஏறி, அந்தப் பக்கம் பஞ்சப்பள்ளி ரோட்டில் இறங்கி பஸ் பிடிப்பது எங்கள் திட்டம்.

"ரோட்டுக்கு எறங்கற தடத்த விட்டுராதீங்க. காட்டுப் பக்கம் ஆனை சுத்திட்டிருக்குதுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

எங்களிடம் இருந்தவை ஒரு வரைபடமும், தொழுகைத் திசை பார்க்க என் வீட்டுக்காரர் வாங்கிவைத்த காம்பஸும். போன் பார்க்காமல் வழி கண்டுபிடிக்கிறேன் என்று வீம்பு பேசியவள் நான்தான். என் போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஜெயந்தியின் போன் படம் எடுத்தே மதியத்துக்குள் செத்துப்போனது.

உச்சியில் புளிச்சோறு சாப்பிட்டு இறங்கினோம். நான்கு மணி வாக்கில் தடம் இரண்டாகப் பிரிந்தது. வரைபடத்தில் அப்படி இரண்டு இடங்கள் உண்டு. முதல் பிரிவு என்றால் இடது பக்கம் போக வேண்டும், இரண்டாவது என்றால் வலது பக்கம். மாறிப்போனால் காடு. நாங்கள் நிற்பது எதில்?

இதற்குத்தானே காம்பஸ்! தெரிந்த இரண்டு இடங்களின் திசையைப் பார்த்து, வரைபடத்தில் அங்கிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் நாம் நிற்கிறோம். தூரத்தில் ஒரு குன்றுக் கோயிலும் அணையின் கரையும் தெரிந்தன. காம்பஸை முகவாய்க்கருகே பிடித்துப் பார்த்துக் கோடு போட்டேன். இரண்டும் அணைத் தண்ணீருக்கு நடுவில் வெட்டிக்கொண்டன.

"தண்ணிக்குள்ளயாங்க்கா நிக்கறோம்? காலுகூட நனையலீங்களே" என்றாள் ஜெயந்தி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுதான் முள்ளை இழுக்கிறதோ என்று அவளுடைய எவர்சில்வர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் தண்ணீர்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும்.

"அக்கா, உங்க தொழுகை நேரமாச்சில்ல?"

"அதெல்லாம் வூட்ல போய் பாத்துக்கலாம். கெளம்பு."

"எந்தப் பக்கம்னே தெரியல, அப்பறம் என்னங்க அவசரம்? அஞ்சு நிமிசந்தான, தொழுதுட்டு வாங்க. நான் உக்காந்திருக்கறேன்."

சரியென்று துண்டை விரித்தேன். குடிக்கவே தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது என்பதால் கை கால் கழுவுவதற்குப் பதிலாக மண்ணில் கைதட்டி, முகத்திலும் கையிலும் தடவித் தொழுகைக்குச் சுத்தம் செய்துகொண்டேன். காம்பஸைப் பாறைமேல் வைத்து மேற்கைத் தேடினேன். சூரியன் இருந்த பக்கத்தையே காட்டியது. இப்போது மட்டும் எப்படிச் சரியாகக் காட்டுகிறது என்று சந்தேகமாயிருந்ததால் கையிலெடுத்து முகத்தருகே கொண்டுவந்தேன். முள் சடாரென்று திரும்பியது.

"கீழ வெச்சா சரியா காட்டுது, நீங்க எடுத்தா திரும்பிக்குது. உங்ககிட்டதான் என்னமோ இருக்குதுங்க்கா!"

என் கை தானாகத் தொண்டைக்குப் போனது. முக்காடு நழுவாமலிருக்க அங்கே மாட்டியிருந்தது காந்த பின். போன பெருநாளைக்கு வாங்கியது. நல்ல பிடி என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அட கிறுக்கச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜெயந்தி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். காம்பஸுக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தோம், முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அதை முக்காட்டில் குத்திக்கொண்டு, காந்தத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, அமைதியாகத் தொழுதேன்.

பிறகு மறுபடி பார்த்துக் கோடு போட்டபோது, கோடுகள் இரண்டாவது பிரிவின்மேல் வந்து வெட்டிக்கொண்டன. காந்தத்தைப் பையின் அடியில் போட்டு, வலது தடத்தில் இறங்கினோம். வழியெல்லாம் காம்பஸைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு தக்காளித் தோட்டமும் அதற்கப்பால் தார் ரோடும் தெரிந்தன. அப்பாடா!

தக்காளி பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "மேலயிருந்தா வர்றீங்க? நல்லவேளை, இந்தத் தடத்துல வந்தீங்க. அந்தத் தடத்துல நேத்திருந்து ஆனை நிக்குதுங்க." போர் தண்ணீரும் கை நிறையத் தக்காளியும் தந்தார். காசு என்றதும் முறைத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெயந்தி சொன்னாள்: "நீங்க தொழுவாம வந்திருந்தா, ஆனைகிட்டதான் ரோடு எங்கன்னு கேட்டிருப்போம்."

சிரித்தேன், கண்ணும் கலங்கியது. என் தொழுகையை நானே தள்ளிப்போடப் பார்த்தேன். என்னைத் தொழவைத்தவள் அவள். இறைவனுக்கு நன்றி சொல்லும்போது அவள் பேரும் சேர்ந்தே வருகிறது.

காந்த பின் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊக்கைத் திருப்பிக் கேட்டாள் ஜெயந்தி. தரமாட்டேன் என்றுவிட்டேன்.