நசீருக்கு வாங்கிய பிட்சிங் ராடு: கராமாவிலிருந்து குரியாத் வரை

போன மாதம், நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, துபாய் கராமாவிலிருந்து மஸ்கட்டுக்குக் காரில் போனேன். போனது நண்பன் நசீரைப் பார்க்க. கீழக்கரைக்காரன், மஸ்கட்டின் ரூவி பகுதியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் கராமாவில் எனக்கு ரூம்மேட். இரண்டு வருடத்துக்கு முன் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் என் கார் சாலைத் தடுப்பில் மோதியது. ஓட்டியவன் நான். கண் அசந்துவிட்டேன். எனக்கு நெற்றியில் நான்கு தையல். நசீருக்கு வலது தோளில் நரம்பு போய்விட்டது.

அதன்பிறகு போனில் மட்டும்தான் பேச்சு. அக்டோபரில் அவனே கூப்பிட்டு, "கை இப்ப பரவால்ல மாப்ள. பழைய ராடுதான் ஒடஞ்சு போச்சுல்ல, பிட்சிங்குக்கு நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா" என்றான். எனக்கு மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பிட்சிங் தெரியாதவர்களுக்கு: தூண்டிலைத் தலைக்கு மேல் சுழற்றி வீசும் முறை இல்லை இது. லூர் என்கிற போலி இரையை இடது கையில் பிடித்துக்கொண்டு, ராடின், அதாவது தூண்டில் கோலின், நுனியைக் கீழிருந்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி, லூரைத் தண்ணீரை ஒட்டிப் பறக்கவிட்டு, பாறை இடுக்கில் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களின் வித்தை. நாங்கள் அதை வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டு, அலைதடுப்புக் கற்களுக்குள் ஒளிந்திருக்கும் களவா மீனுக்குப் பயன்படுத்தினோம். இங்கே அதை ஹமூர் என்பார்கள்.

களவா கடித்த உடனே பொந்துக்குள் ஓடும். இரண்டு விநாடிக்குள் வெளியே இழுக்கவேண்டும். அதனால் விறைப்பான ராடு, நுனி மட்டும் கொஞ்சம் வளைவது, நீளம் ஏழடி நாலங்குலம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். 420 திர்ஹம். கடையில் அதைவிடச் சரியான ராடு இல்லை.

கராமாவிலிருந்து காலை 5.15க்குப் புறப்பட்டேன். ஹத்தா எல்லைக்கு 7 மணி. வெளியேறும் கட்டணம் 36 திர்ஹம். ஓமனுக்குச் செல்லுபடியாகும் கார் இன்சூரன்ஸையும் விசாவையும் முன்பே எடுத்துவிட்டதால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. சொஹார் வழியாக ரூவி வரை மொத்தம் 430 கிலோமீட்டர். 11.40க்குச் சேர்ந்தேன். ஹோட்டல் அறை ஓர் இரவுக்கு 14 ரியால்; சுத்தம் சுமார்தான்.

ஜும்மா முடிந்து நசீர் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனான். இடது கையால் அணைத்துக்கொண்டான். அவன் மனைவி ரஹீமா மீன் ஆணமும் சோறும் வைத்தார். நசீர் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ரஹீமா படிக்கட்டு வரை வந்தார். "அண்ணே, அவுக போன்ல சொன்னத நம்பிட்டீங்களா? சட்டப் பட்டனே நாந்தான் போட்டுவிடுறேன். பாறையில ஏத்தாதீங்க."

அப்போதே மீன்பிடிக்கும் திட்டத்தைக் கைவிட்டிருக்கலாம். மறுநாள் காலை 5.30க்கு நசீரை ஏற்றிக்கொண்டேன்.

குரியாத் என்ற கடலோர ஊருக்கு 85 கிலோமீட்டர், மலைக்கு நடுவே நல்ல சாலை. 6.35க்கு அலைதடுப்பில் நின்றோம். வானம் மூடியிருந்தது. நசீர் ஐந்தடி நாலங்குலம்தான்; தாழ்வான கல்லில் நின்று ஆட்டியபோது ராடின் நுனி பாறையில் உரசியது. அதைவிட மோசம், லூர் விழும் நொடியில் தூண்டில் நரம்பு சுற்றிய ரீலைப் பெருவிரலால் அழுத்தி நிறுத்தவேண்டும்; அவன் வலது பெருவிரல் அழுத்தவில்லை. லூர் விழுந்த பிறகும் ரீல் சுற்றி, நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது. நான் பிரித்துக் கொடுத்தேன். மறுபடியும் சிக்கியது. "எடக்கையில போட்டுப் பாரு" என்றேன். அதில் லூர் கல்லில்தான் மோதியது.

எட்டு மணி வாக்கில் ஒரு களவா கடித்தது. ராடு வளைந்தது. வலது கை தானாகத் திறந்துகொள்ள, ராடு கற்களில் தடதடவென்று உருண்டது. நான் பாய்ந்து எடுப்பதற்குள் மீன் பொந்துக்குள் போய் நரம்பு அறுந்துவிட்டது.

நசீர் கல்லில் உட்கார்ந்தான். "ராடு நல்ல ராடுதான். மீனுக்குப் பாத்து வாங்கிருக்க. என் கையப் பாக்கல."

"பரவால்லன்னு நீதானடா சொன்ன?"

"கையி செத்துப் போச்சுன்னு சொன்னா நீ வருவியா? ரெண்டு வருஷமா வரல. ராடுன்னு சொன்னேன், வந்துட்ட."

அவனே தொடர்ந்தான். "நீ தூங்கிட்டது எனக்குத் தெரியும். ரஹீமாகிட்ட ஒட்டகம் குறுக்க வந்துச்சுன்னுதான் சொல்லிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

அப்படியே விட்டிருக்கவேண்டும். ஆனால் மதியம் வீட்டில் ரஹீமா, "வழியில சாப்பிடுங்கண்ணே" என்று இடியாப்பத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்னால் வாங்க முடியவில்லை. "ஒட்டகமெல்லாம் வரலீங்க. நாந்தான் தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்க்கவே இல்லை. நசீரைப் பார்த்து, "இத்தன நாளும் என்கிட்ட பொய்யா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நசீர் படியிறங்கிக் கார் வரை வந்தான். "ஏண்டா சொன்ன? யாருக்கு என்ன லாபம்?" என்றான். ராடைப் பின்சீட்டில் வைத்தான். கைகொடுக்கவில்லை. எல்லையில் கூட்டம்; கராமா சேர இரவு 9.20 ஆகிவிட்டது.

இதே பயணத்தைத் திட்டமிடுபவர்களுக்கு: தூண்டில் போட உரிமம் வேண்டும், விதிகள் மாறும், புறப்படும்முன் பாருங்கள். குரியாத்தில் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைதான் மீன் கடிக்கும். வழுக்காத செருப்பு அவசியம். பாறை இடுக்குக்கு விறைப்பான ராடுதான் சரி. ஆனால் குள்ளமானவர்களுக்கு ஆறடி ஒன்பது அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெருவிரலில் பலமில்லாதவர்களுக்கு, விரலால் அழுத்தத் தேவையில்லாத ஸ்பின்னிங் ரீல் போடும் ராடு நல்லது. யாருக்கு ராடோ அவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். வாங்கிக்கொண்டு போய் அசத்தலாம் என்று நினைக்காதீர்கள்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, அந்தப் பாரம் இப்போது அந்த வீட்டிலும் இருக்கிறது. மூன்று வாரமாக நசீர் போனை எடுக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறேன், சும்மா பார்த்துவிட்டு வர. கதவைத் திறப்பார்களா என்று தெரியவில்லை.