அம்மாவின் காலுக்கு ஒரு பெயர்

சித்தி பக்கவாதத்தில் விழுந்த மறுநாள் மாலை அவர் படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் பெரிய மாமா, அத்தை, சித்தி மகன், எதிர்வீட்டு மலாய் அம்மா, நான். வராதவர் என் அம்மா. உடன்பிறந்த அக்காவே வரவில்லை என்பதை வார்டில் எல்லாரும் கவனித்தார்கள். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வரை நடந்து வந்தவர், இடது கால் திடீரென்று மடங்கிவிட்டதால் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதைச் சொன்னேன். பெரிய மாமா ஆப்பிள்களை மேசையில் அடுக்கியபடி, "தங்கச்சியப் பாக்கக் கூட்டம் கூடுற அன்னைக்குத்தான் அக்காவுக்குக் கால் வராது" என்றார். அத்தை அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். சிரித்துவிட்டுத்தான் தட்டினார்.

அம்மாவின் கால் அப்படியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர், ஒருநாள் முருங்கைக்காய்க் கட்டோடு கீழே சரிந்தார். பிறகு இடது கை நடுங்கத் தொடங்கியது. சில நாட்களில் ரயில் நிலையத்திலிருந்து விறுவிறுவென்று நடப்பார். சில நாட்களில் அந்தக் கால் யாரோ இரவல் கொடுத்த கால்போல இழுபடும். அந்த நல்ல நாட்கள்தான் அவருக்கு எதிரான சாட்சிகள். பாலிகிளினிக்கில் தொடங்கி மருத்துவமனை, ரத்தம், நரம்புப் பரிசோதனை, மூளை ஸ்கேன் என்று போனோம். எல்லாம் 'நார்மல்'. கடை முதலாளி, "நார்மல்னா நல்லதுதானே லா, அப்புறம் எதுக்கு எம்சி?" என்று மருத்துவ விடுப்புச் சீட்டைக் காட்டிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிப்பை முடித்தவன் நான் என்பதால், "டாக்டர்கிட்ட நல்லா இங்கிலீஷ்ல கேளு" என்று ஒவ்வொரு முறையும் அம்மா என்னை முன்னால் தள்ளுவார். நல்லாத்தான் கேட்டேன். பதில்தான் அந்த ஒரே சொல்லைத் தாண்டவில்லை.

சித்தி மகனுக்கோ ஒரு சொல் போதுமாயிருந்தது. 'ஸ்ட்ரோக்' என்று வேலையிடத்தில் சொன்னான், விடுப்புக் கிடைத்தது. உறவினர்களிடம் சொன்னான், பழக்கூடைகள் வந்தன. அம்மாவுக்கு என்ன என்று கேட்டால் நான் முதலிலிருந்து ஒரு கதையையே சொல்ல வேண்டும். பாதிக் கதையில் கேட்பவரின் "ம்ம்" தேய்ந்துவிடும். அன்று வார்டுக்கு வெளியே அவன் கைப்பேசியில் சித்தியின் ஸ்கேன் படத்தைக் காட்டினான். "இதாண்ணே" என்று ஒரு வெள்ளைத் திட்டின்மேல் விரலை வைத்தான். நகத்தளவுதான் இருந்தது. அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அம்மாவின் படத்தில் விரல் வைக்க இடமே இருந்ததில்லை. பெற்றவளின் மூளையிலும் இப்படியொன்று இருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பற்றிச் சொன்னதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவளுக்கு எல்லாமே அமையும். சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னாகூட அவளுக்குத்தான் தெர்மாமீட்டர்ல ஏறும்" என்றார்.

கடைசியில் அம்மாவின் நோய்க்குப் பெயர் சொன்னவர் ஓர் இளம் பெண் மருத்துவர், சீனர். அவர் படங்களைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைப் படுக்க வைத்தார். இடது குதிகாலுக்கு அடியில் தன் கையை வைத்து, கீழே அழுத்தச் சொன்னார். அம்மா பல்லைக் கடித்து முயன்றார், கால் அசையவில்லை. பிறகு நல்ல காலான வலது காலைத் தூக்கச் சொல்லி, அதை மேலிருந்து தடுத்தார். என்னைக் கூப்பிட்டு, இடது குதிகாலுக்கு அடியில் என் கையை வைக்கச் சொன்னார். அம்மா வலது காலைத் தூக்கப் போராடியபோது, செத்துக் கிடந்த இடது கால் என் உள்ளங்கையைப் பலமாக அழுத்தியது. அம்மா நடிக்கிறார் என்று மாமா சாடையாகச் சொன்னது உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். காலில் பலம் இருக்கிறது. ஆனால் வேண்டுமென்று அழைக்கும்போது மூளையின் செய்தி அதற்குப் போய்ச் சேர்வதில்லை, வேறு கவனத்தில் இருக்கும்போது தானாகப் போகிறது. இது நடிப்பு அல்ல, நடிப்பில் இப்படி வராது. செயல்சார் நரம்பியல் கோளாறு என்று இதற்குப் பெயர். பயிற்சியால் பலர் தேறியிருக்கிறார்கள். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "நடிக்கலன்னு அவங்களே சொன்னாங்களா? இன்னொரு தடவ கேளு." கேட்டேன். மருத்துவர் இன்னொரு தடவையும் சொன்னார்.

அன்றே உட்லண்ட்ஸில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். சித்தி மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார். சக்கர நாற்காலியில், வலது கையை மடியில் யாரோ எடுத்து வைத்ததுபோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. அம்மா பரிசு வாங்கி வந்த பிள்ளைபோல எல்லாவற்றையும் சொன்னார். "பேரு கண்டுபிடிச்சிட்டாங்கடி. கொணமாயிடும்னு சொல்றாங்க." சித்தி வெகுநேரம் வாயைக் கூட்டி, "உனக்கு... கொணமாயிடும்" என்றார். பிறகு தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். சித்தியின் கைக்கு யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். வார்டு வாசலில் வெள்ளைத் திட்டைப் பார்த்து நின்ற என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திக்கொண்டு, சித்தியின் முடியைச் சீவிவிட ஆரம்பித்தார்.

திரும்பும் ரயிலில் அம்மா, "எல்லாம் சேத்து நமக்கு எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "அவ கேட்டா ரெட்டிச்சுச் சொல்லு. நம்மள நெனச்சு வருத்தப்பட அவளுக்கும் எதாச்சும் வேணும்ல."

சித்தி கேட்கவும் செய்தார். அடுத்த வாரம் அவர் மகன் தொலைபேசியில் அழைத்து அவருக்காக விசாரித்தபோது, எட்டாயிரத்து நானூறு வெள்ளி செலவு என்றேன். அவன் அதை அவரிடம் உரக்கச் சொன்னான். "பாவம்... அக்கா" என்று கேட்ட குரலில் பழைய சித்தி கொஞ்சம் இருந்தார். அம்மா இப்போது தேக்காவில் பாதி நாள் நிற்கிறார். கைத்தடியை உட்லண்ட்ஸுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக்கொள்கிறார். அங்கே இடது கால் கொஞ்சம் கூடுதலாகவே இழுபடுகிறது. பெரிய மாமா அதை நடிப்பு என்கிறார். இந்த ஒரு முறை அவர் சொல்வது சரி, நான் மறுப்பதில்லை. சித்தி வீட்டில் இன்றும் எங்கள் செலவு எட்டாயிரத்து நானூறுதான். உண்மையில் ஆனது நாலாயிரத்து இருநூறு வெள்ளி.