உலகத்தைக் காப்பாற்றிய பழனியாண்டி

முப்பத்து நான்கு வருஷம் ரப்பர் மரம் சீவிய பழனியாண்டிக்கு, ஐம்பத்தெட்டாவது வயதில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை கிடைத்தது. வேலை என்றால் சும்மா இருப்பதுதான். மலேசியாவின் மெர்போக்கில் அவருக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர், முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்கள். அவை காற்றிலுள்ள கரியை இழுத்துக்கொள்கின்றனவாம். மரங்களை வெட்டாமல், பாலுக்குக் கத்தியும் வைக்காமல் விட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் தருகிறோம் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கையெழுத்து வாங்கி, மரத்துக்கு மரம் நம்பர் தகடு அடித்துவிட்டுப் போனது. மாதம் ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது யாராவது வெயிலைத் திட்டினால், "என் மரங்க முடிஞ்சத செய்யுதுலா" என்பார். கிழட்டு மரங்களைத் தள்ளிவிட்டுச் எண்ணெய்க்குச் செம்பனை நடச் சொல்லி மைத்துனன் ராமையா நச்சரித்தபோதெல்லாம் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டினார். விடிந்த பிறகு எழுந்து, வாசலில் மனைவி அழகம்மாவோடு உட்கார்ந்து தே குடிப்பதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய பதவி. தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் மிஞ்சிய தகடு ஒன்றை மாட்டியிருந்தார்.

அமெரிக்கா பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை விட்டு விலகுகிறது என்று செய்தி வந்த அன்று, போனால் போகட்டும் என்று இன்னொரு தே கேட்டார். ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவருடைய மரங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் அமெரிக்க முதலாளிகளாம். நாடே விலகியதும் அவர்களும் நைசாகக் கழன்றுகொண்டார்களாம். ஒப்பந்தம் முடிந்தது, இனி மரங்கள் உங்கள் விருப்பம் என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தது. விஷயம் தெரிந்தால் ராமையா மறுநாளே புல்டோசரோடு வந்து நிற்பான். மரம் போகும், அறுபத்தொரு வயதில் செம்பனைக்குக் குழி தோண்ட வேண்டும், காலை நேரத்துத் தேயும் போய்விடும்.

பால் பிடிக்கும் பழைய மங்குகள் கொட்டகையில் குவிந்து கிடந்தன. கடிதத்தை அவற்றுக்கு அடியில் ஒளித்தார். கம்பெனி இப்போது தினமும் படம் கேட்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, விடியுமுன் கிளம்பிப் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவரின் தோட்டத்தில் பாதிப் பங்குக்குப் பால் வெட்டினார். கிடைத்த காசைக் கம்பெனிப் பணம் என்று அழகம்மாவிடம் நீட்டினார். சும்மா இருப்பதற்காக மனுஷன் வாழ்நாளில் படாத பாடு பட்டார். நம்பர் போட்ட நாற்காலி காலை நேரத்தில் காலியாகவே கிடந்தது.

ஒருநாள் திரும்பி வரும்போது, அவருடைய சொந்தத் தோட்டத்தில் நாற்பத்தேழாம் நம்பர் மரத்தடியில் அழகம்மா நின்றிருந்தாள். கையில் அந்தக் கடிதம்.

"இது என் கையில சிக்கி மூணு மாசம் ஆச்சுங்க. ஒட்டுப்பால் நாத்தத்தோட வந்து படம் புடிச்சேன்னு யார்கிட்ட சொல்றீங்க?"

ராமையாவுக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டார். ஒப்பந்தம் இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்று தம்பியிடம் அவளே புளுகியிருக்கிறாள்.

அவள் அவருடைய கத்தியை வாங்கிக் குனிந்து, அதன் முனையால் பட்டையை லேசாகக் கீறினாள். மூன்று வருஷம் ஓய்வெடுத்த மரம். பால் குபுக்கென்று வந்தது.

"கம்பெனிதான் போயிருச்சே. நம்ம மரத்துல கத்தி வைக்கக் கூடாதுன்னு இப்ப யாருங்க சொன்னா?"

ஊரான் மரத்தைச் சீவிக்கொண்டிருந்த பழனியாண்டியின் மூளைக்கு இது எட்டவேயில்லை. சொன்ன பொய்யை அந்த அளவுக்கு அவரே நம்பிவிட்டிருந்தார். நாளைக்கே விடியுமுன் தொடங்கிவிடலாம் என்றார்.

அழகம்மா மசியவில்லை. கல்யாணம் கட்டிய இத்தனை வருஷத்தில் காலை வேளையில் அவர் முகத்தைப் பார்த்தது அந்த மூன்று வருஷம்தான் என்றாள். "தே குடிச்சிட்டு ஏழு மணிக்கு வருவோம். ரெண்டு பேரும்."

வெயில் ஏறினால் பால் குறையுமே என்றார்.

"கொறையட்டும்."

நாற்பத்தேழாம் மரத்தின் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அதை அவளுடைய நாற்காலியில் மாட்டினார்.