இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு

பழைய பிக்கப் வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பிழைக்கிறவன் நான். கண்ணில் விழுகிற துருவைவிடக் காதில் விழுகிற பேச்சுதான் இந்தத் தொழிலில் பெரிய உபத்திரவம்.

தமிழ்நாடு கேரள எல்லையில், பனச்சமூடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் ஒர்க்ஷாப். இரண்டு மாநிலத்துக் குழிகளும் சேர்ந்து எனக்குச் சோறு போடுகின்றன. முன்சக்கரத்தைக் கீழேயிருந்து பிடித்திருக்கிற மூட்டுக்கு லோயர் பால் ஜாயின்ட் என்று பேர். நம் இடுப்பில் இருப்பதுபோல ஒரு கிண்ணமும் அதற்குள் ஓர் உருண்டையும். தேய்ந்தால் முதலில் டக் டக் என்று வாயால் சொல்லும். கேட்காவிட்டால் ஒருநாள் சக்கரத்தைப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களே, அதைப் பழுது பார்க்கிறவர்களே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதி நடக்காமல் இருக்கட்டும்.

செவ்வாய், வியாழன், சனி

செல்லத்துரையும் ராஜமணியும் அண்ணன் தம்பி. அப்பா போனபிறகு நிலத்தைப் பாகம் வைத்தார்கள், ரப்பர் மரங்களை எண்ணிப் பிரித்தார்கள், கிணற்றுக்குக்கூட ஆளுக்கொரு கப்பி போட்டுக்கொண்டார்கள். பிரிக்க முடியாமல் மிஞ்சியது ஒரு பழைய பிக்கப். அதை நாள் கணக்கில் பிரித்தார்கள். திங்கள், புதன், வெள்ளி அண்ணனுக்கு. செவ்வாய், வியாழன், சனி தம்பிக்கு. ஞாயிறு வண்டிக்கு ஓய்வு. இதற்கிடையில் ஏதோ மனஸ்தாபம் வந்து மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி வந்து, "முன்னால டக்கு டக்குன்னு அடிக்குது ஆசானே" என்றான். மறுநாள் அண்ணன் வந்து, "தம்பி என்னவோ சொன்னானாமே, ஒரு சத்தமும் கிடையாது, ஏறிப் பாருங்க" என்றார். ஏறிப் பார்த்தேன். பின்னால் மரச்சீனிக் கிழங்கு மூட்டைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. வண்டி பூனைபோலப் போயிற்று. வியாழக்கிழமை தம்பியோடு போனேன். பின்னால் வாழையிலைக் கட்டுகள் மட்டும்தான். ஒவ்வொரு குழியிலும் யாரோ அடியில் சுத்தியல் கொண்டு அடிப்பதுபோல இருந்தது. பாரம் ஏறினால் தேய்ந்த மூட்டு அழுந்தி அடங்கிவிடுகிறது, வெறும் வண்டி துள்ளும்போது அடிக்கிறது. இதை அண்ணனிடம் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சத்தம் வண்டிக்கு இல்ல ஆசானே, அவனுக்க கைக்காக்கும்."

மரியாதையான ஆட்டம்

கண்ணால் காட்டினால்தான் ஆகும் என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரையும் வரச்சொன்னேன். இருவரும் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து, ஒருவர் பம்பருக்குப் பக்கத்திலும் மற்றவர் டெயில் லைட்டுக்குப் பக்கத்திலும் நின்றார்கள். நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பினேன். இரண்டு பக்கமும் உருண்டை கிண்ணத்துக்குள் கடகடவென்று ஆடியது. மேலே மூடியிருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதிலாகச் செம்மண் இருந்தது.

"இது கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும், உள்ளே யார் இருந்தாலும் போச்சு" என்றேன். "அதை அவருட்ட சொல்லுங்க" என்றான் தம்பி. "கேட்டாச்சுன்னு அவன்ட்ட சொல்லுங்க" என்றார் அண்ணன். ஆறடி தூரத்தில் நின்ற இரண்டு பேருக்கு நடுவே நான் தபால்காரனானேன். கடைசியில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தன் கையாலேயே சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் தம்பி முன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா?

"ஆடுது, இல்லன்னு சொல்லல. ஆனா மரியாதையாட்டுல்லா ஆடுது."

ஒரு வண்டிக்கு ரெண்டு வயசு

ஒருவழியாக மாற்றுவது என்று முடிவாயிற்று. அடுத்த வழக்கு, எந்தப் பக்கம் யாருக்கு என்பது. அண்ணன் ஓரமாக ஓட்டிக் குழியில் இறக்குகிறார், ஆகவே இடப்பக்கம் அவர் பாடு என்றான் தம்பி. அவன் நடு ரோட்டில் போய் எல்லா வேகத்தடையிலும் ஏற்றுகிறான், ஆகவே வலப்பக்கம் அவன் பாடு என்றார் அண்ணன். இரண்டையும் ஒரே கடையில் வாங்குங்கள் என்று கெஞ்சினேன். அண்ணன் மார்த்தாண்டத்துக்குப் போனார், தம்பி நெய்யாற்றின்கரைக்குப் போனான்.

திங்கட்கிழமை இரண்டு பெட்டியையும் பிரித்தேன். அண்ணன் வாங்கியது சரி. தம்பி வாங்கியதன் தண்டு ஒரு நகக்கனம் தடிமன் கூடுதல். வருஷம் மாறினால் சாமானின் அளவும் மாறும். கடைக்காரர்கள் வண்டி எந்த வருஷம் என்று கேட்டபோது, அண்ணன், அப்பா தமிழ்நாட்டில் வண்டியை வாங்கிய வருஷத்தைச் சொல்லியிருக்கிறார். தம்பியோ, அப்பா புது பெயின்ட் அடித்துக் கேரளா நம்பர் வாங்கிய வருஷத்தைச் சொல்லியிருக்கிறான். நெய்யாற்றின்கரைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, ஒரே வண்டிக்கு இரண்டு வருஷம் வந்த கதையைச் சொன்னேன். புதன்கிழமை சரியான சாமான் வரும் என்றவர், சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்:

"ஒண்ணு பிறந்த வருஷம், மத்தது ஞானஸ்நானம் எடுத்த வருஷமாக்கும் ஆசானே, கொண்டு வாங்க, மாத்தித் தராம்."

பஸ் நின்ற கதை

செவ்வாயன்று இடப்பக்கத்தைக் கழற்றினேன். நட்டைப் பூட்டியிருந்த பின்னை உருவினேன், நட்டைத் தளர்த்தினேன், தண்டு மட்டும் அசையவில்லை. எத்தனை மழை குடித்த துரு! பக்கத்துக் கடை வெல்டர் ஸ்டான்லியும் வந்து சேர்ந்தான். மாறிமாறி அடித்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்து வைத்தியம் சொன்னார்கள். தேங்காயெண்ணெய் விடச் சொன்னார் ஒருவர். வெந்நீர் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு அக்கா, பிரசவம் பார்க்கிறவள் மாதிரி என் தோளைத் தட்டி, "அவசரப்படாத மக்கா, அதுக்கு நேரம் வந்தா தானா வரும்" என்றாள்.

நேரம் வந்தது. ஸ்டான்லி ஓங்கிப் போட்ட ஒரு அடியில் வெடிவைத்ததுபோல ஒரு சத்தம். நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு சுற்று விட்டு வைத்திருந்தேன், அதனால் எதுவும் தெறித்து எங்கள் மேல் விழவில்லை. ஆனால் அந்நேரம் பார்த்து நிறுத்தத்துக்கு வந்த பஸ் அப்படியே நின்றது. டிரைவர் இறங்கி எல்லா டயரையும் தட்டிப் பார்த்தார். பயணிகள் இறங்கி மூட்டை முடிச்சோடு அடுத்த பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்டக்டர் ஓடி ஓடி எல்லாரையும் திரும்ப ஏற்றிவிட்டு, வியர்வையோடு என்னிடம் வந்தார்:

"இனி அடிக்கும்போ ஒரு விசில் ஊதிட்டு அடிக்கணும், கேட்டியா? விசில் இல்லேங்கில் நான் தராம்."

மண்டியிட்ட வண்டி

இனி வருவது என் முட்டாள்தனம். இடப்பக்கம் புதிதாயிற்று. வலப்பக்கம் பழையதுதான் இருந்தது. பஸ் திரும்ப இடமில்லை என்று பஸ்காரர்கள் சொன்னார்களே என்று, சக்கரங்களை மாட்டி வண்டியைக் கீழே இறக்கித் தள்ளி நிறுத்தினேன். புதன்கிழமை காலையில் சாவியை ஆணியில் தொங்கவிட்டு, ராஜமணியைக் கூட்டிக்கொண்டு சாமானை மாற்ற நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினேன். நாங்கள் போனதும் செல்லத்துரை வந்தார். ஸ்டான்லி இரண்டு கையையும் விரித்து வண்டிக்கு முன்னால் நின்று தடுத்துப் பார்த்திருக்கிறான். "எனக்க பக்கம் சரியாச்சு, இன்னைக்கு எனக்க நாளாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் எடுத்துப் போய்விட்டார். மரச்சீனி ஏற்றினார். பாரம் ஏறியதும் சத்தமும் இல்லை. பிறகு என்ன பயம்?

புதிய பால் ஜாயின்டை மடியில் வைத்துக்கொண்டு நான் திரும்பி வருகிறேன். வழியில் ஒரு வளைவில் எங்கள் பஸ் நின்றது. எட்டிப் பார்த்தேன். எங்கள் பிக்கப், வலது முன்சக்கரம் வெளியே மடங்கிக் கிடக்க, ஜெபிக்கிறவன் மாதிரி ஒரு முழங்காலை ஊன்றி நின்றது. ரோடு முழுக்க மரச்சீனி. படியிலிருந்து ராஜமணி குதித்தது மட்டும் தெரிந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, செல்லத்துரை சிதறிய கிழங்குக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. வளைவுக்காக வேகத்தைக் குறைத்த நேரம், பிழைத்தார். தம்பி அவர் முன்னால் மூச்சிரைக்க நின்றான். கூட்டம் இருவர் வாயையும் பார்த்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இது: "எலே, ஒனக்க பக்கமாக்கும் ஒடஞ்சது."

தம்பி சக்கரத்தைப் பார்த்தான், அண்ணனுடைய முழங்கையைப் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"பக்கம் எனக்கதுதான். உள்ள இருந்தது எனக்க அண்ணன் இல்லியா?"

நன்றி

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். அந்த மூட்டைத் தாங்குகிற லோயர் ஆர்மும் வளைந்திருந்ததால் அதையும் மாற்றவேண்டியதாயிற்று. இந்த முறை இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் என் இருபுறமும் படுத்துக்கொண்டார்கள். தம்பி ஸ்பானரைப் பிடிக்க, அண்ணன் டார்ச் அடித்தார், பெரும்பாலும் என் கண்ணில். நட்டை இறுக்கிப் புதுப் பின்னை மாட்டியபோது, அதை மேலே மடக்குவதா கீழே மடக்குவதா என்று ஒரு விவாதம் நடந்தது. நடுவில் கிடந்த எனக்கு நகர இடமில்லை. சக்கர அலைன்மென்ட் பார்க்கவும் சேர்ந்தே போனார்கள். நாள் கணக்கு ரத்தாயிற்று. ஒரே வண்டியில் இலையும் கிழங்குமாக ஒன்றாகவே கிளம்பினார்கள்.

பத்து நாள் கழித்துச் செல்லத்துரையின் மனைவி ரோசம்மாள் ஒர்க்ஷாப்புக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு ஏத்தன் வாழைப்பழம். குடும்பத்தைச் சேர்த்து வைத்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று எழுந்து, கையைத் துடைத்து, ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. விடியற்காலை எழுந்தால் கொழுந்தன் வந்துவிடுகிறானாம். டயருக்குக் காற்று எவ்வளவு, எந்த வழியாகப் போவது, யார் ஓட்டுவது என்று ராத்திரி படுக்கும்வரை ஓயாத வழக்காம். பழத்தை என் கையில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்:

"பேசாம இருந்த மூணு வருஷமும் வீட்டுல நல்ல சமாதானம் உண்டு ஆசானே, ஒங்கள யாரு இத நன்னாக்கச் சொன்னது?"

இந்தத் தொழிலில் எந்தக் கோளாறுக்கும் எப்படியாவது சாமான் கிடைத்துவிடும், வேலை முடிந்ததும் நன்றியை எதிர்பார்க்கிற என் கோளாறுக்குத்தான் நெய்யாற்றின்கரையிலும் இல்லை, மார்த்தாண்டத்திலும் இல்லை.