ஓய்வறையில் படுக்கக் கூடாது

தஞ்சாவூரில், அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு மேனேஜர் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை போடுவார். அதிர்ந்து பேச மாட்டார். எது கோணலாக இருந்தாலும் நேராக்கிவிடுவார், எங்கள் மேஜைப் பேனா உட்பட.

தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாக உட்காரவைப்பதால் முதுகு போகிறது என்று அவரிடம் முறையிட்டோம். ஒரே மாதத்தில் ஓய்வறை கட்டினார். பச்சைச் சுவர், சோபா, ஜன்னலோரம் செடிகள். வேலை நேரம் மட்டும் குறையவில்லை.

ஒரு மதியம், குடவாசலிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி அந்தச் சோபாவில் படுத்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி, கால்கள் வீங்கியிருந்தன. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா. சென்னையிலேருந்து ஆள் வந்திருக்காங்க, ரூமை போட்டோ எடுக்கணும்."

"அவளுக்குத் தலை சுத்துது சார். ரெஸ்ட் எடுக்கத்தானே இதைக் கட்டுனீங்க?" என்றேன்.

"அதைத்தாங்க காட்டப் போறோம். ஆள் படுத்திருந்தா பாக்க நல்லாயிருக்காது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் படுத்திருந்த பள்ளத்தை அவர் உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினார். அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனேன்.

"போட்டோ எடுத்ததும் வந்து படுத்துக்கங்கம்மா. உடம்பைப் பாத்துக்கங்க" என்றார் பின்னாலிருந்து.

அந்தக் கனிவு நடிப்பில்லை. அவரை நினைத்தால் இன்றும் குமட்டுவது அதனால்தான்.